சுமுரானில் யாரும் சாகவில்லை

மழை விடாமல் பிடித்துக்கொண்ட அந்த மாதத்தில் சுமுரான் குடியிருப்பில் ஒரு சாவுகூடப் பதிவாகவில்லை.

ஜாவாத் தீவின் ஸெமாராங் நகரத்தில் மற்ற இடமெல்லாம் பிளேக் அள்ளிக்கொண்டு போனது. பிளேக் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த நகரப் படத்தில், ஒரு சாவுக்கு ஒன்றாகக் கறுப்புத் தலைக் குண்டூசிகள் குத்தி வைத்திருந்தார்கள். கால்வாய்க்கு மேற்கே எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. கால்வாய்க்குக் கிழக்கே, அரிசிக் கிடங்கை ஒட்டிய சுமுரான் மட்டும் துடைத்துவைத்த தட்டுப்போல வெளுப்பாகக் கிடந்தது.

"என்ன மாஸ் ஜஸ்வாதி," என்றார் டாக்டர் சுவிக்ஞோ, "உங்க சுமுரான்ல எமனுக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

டாக்டர் ஜாவாக்காரர்தான். பத்தாவியாவில் படித்தவர். தலையில் பாத்திக் துணி, உடம்பில் வெள்ளைக் கோட்டு. எல்லோரையும் 'மாஸ்' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார், திட்டும்போதும்.

ஜஸ்வாதி பிளேக் மந்திரி. மந்திரி என்றதும் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மை குத்துகிறவர், மதகு திறக்கிறவர் என்று சர்க்காரில் சின்ன வேலை பார்க்கிற எல்லோருக்கும் எங்கள் ஊரில் மந்திரி என்றுதான் பெயர். சாவு விழுந்த வீட்டுக்குப் போக வேண்டும், பிணத்தின் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரலில் துளையூசியைச் செலுத்தி ஒரு சொட்டு எடுக்க வேண்டும், அதைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கொண்டுவர வேண்டும். இதுதான் ஜஸ்வாதியின் வேலை. அது முடியாமல் யாரையும் அடக்கம் செய்யக்கூடாது. கண்ணாடியில் பிளேக் தெரிந்தால் வீட்டிலிருப்பவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்பிவிட்டு வீட்டின் கூரையைப் பிரித்துவிடுவார்கள்.

"பிளேக் வராத காலத்துலயே சுமுரான்ல மாசம் ஆயிரத்துக்கு மூணு பேர் போவாங்க," என்றார் டாக்டர். "கிழடு கட்டை, கைக்குழந்தை, பேதி, காய்ச்சல். இப்ப ஊரே பத்தி எரியுது. அங்க ஒரு கிழவிக்குக்கூட மூச்சு நிக்கல. நம்புறீங்களா?"

ஜஸ்வாதி தலை குனிந்துகொண்டான். யாரும் கூப்பிடாமல் இருந்ததில் உள்ளுக்குள் அவனுக்கு ஒரு நிம்மதி. "இல்ல, துவான்," என்றான், ஐயா என்கிற மரியாதையோடு.

"நானும் நம்பல. மேல இருக்கிற வெள்ளைக்காரங்களும் நம்பல. வெள்ளிக்கிழமைக்குள்ள நம்புற மாதிரி கணக்கு வரணும். வரலேன்னா பட்டாளத்தை விட்டு சுமுரானையே காலி பண்றதா உத்தரவு. நோய் இருக்கிற வீடு, இல்லாத வீடு எதுவும் பாக்க மாட்டாங்க."

"கொட்டகையில இடமே இல்லியே, துவான். இத்தனை சனத்தை எங்க வெப்பாங்க?"

"மழையிலதான் வெப்பாங்க. அப்புறம் சாகிறவங்களுக்குக் குத்த என்கிட்ட குண்டூசி பத்தாது." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த வீடுன்னு தெரிஞ்சா அந்த வீட்டோட போயிடும். தெரியலேன்னா மொத்தமும் போயிடும். போங்க, பேசிப் பாருங்க."

சுமுரானில் பெண் பிணங்களைக் குளிப்பாட்டுகிறவள் ருபினா. யாரும் கூலி கொடுப்பதில்லை, அவளும் கேட்பதில்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கிணற்றடியில் கடை போட்டிருந்தாள். அவித்த கீரையின்மேல் கடலைச் சாந்தை ஊற்றி வாழை இலையில் மடித்துத் தருவாள். வயது நாற்பதைத் தாண்டியவள். விதவை. வாய் நீளம். ஊரே அவளை 'யூ ருபினா' என்று அக்கா முறை சொல்லித்தான் கூப்பிடும்.

ஜஸ்வாதி வருவதைப் பார்த்ததுமே தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள். "வர்றாருடி ஊசி மந்திரி! எல்லாரும் வயித்தை மூடிக்குங்க!"

கிணற்றடியே சிரித்தது. ருபினா சிரிக்கவில்லை. "சாந்துல மிளகாய் தூக்கலா போடவா, மாஸ் மந்திரி?"

"சாப்பிட வரல, யூ."

"பின்ன? இங்கதான் யாரும் சாகலியே."

வெள்ளிக்கிழமைச் செய்தியை அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவள் கையிலிருந்த அகப்பை நின்றது. தண்ணீர் சேந்தியவர்களை ஒரு பார்வையால் விரட்டினாள். அவர்கள் குடங்களோடு போன பிறகு ஜஸ்வாதி கேட்டான்: "எத்தனை பேரை, யூ?"

"எத்தனை பேரை என்ன?"

"குளிப்பாட்டினது."

"நான் கீரையைத்தான் குளிப்பாட்டறேன்."

"வாழைத் தோப்புல மண்ணு புதுசா இருக்கு. வரும்போது பாத்தேன்."

ருபினா அடுத்துப் பேசினபோது அந்தக் குரலில் கிண்டல் போயிருந்தது. "சாதிர் வீட்டு மருமகளை உனக்குத் தெரியாது. உனக்கு முன்னால இருந்தானே ஒரு மந்திரி, அவன் காலத்துல நடந்தது. கல்யாணம் ஆகி வருஷம் திரும்பாத பொண்ணு. குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, கற்பூரம் வெச்சு நான் முடிச்சிட்டேன். அவன் வந்தான். மாமனார் நிக்கிறார், கொழுந்தன் நிக்கிறான், தெரு நிக்குது. அத்தனை பேர் முன்னாலயும் கபனை விலக்கி வயித்தைத் தெறந்தான். உசுரோட இருந்தப்ப அவ கணுக்காலைக்கூட வேத்தாள் பாத்தது கிடையாது. அன்னைக்குத்தான் இந்த ஊரு முடிவு பண்ணுச்சு, இனிமே இங்க யாரும் சாக மாட்டாங்கன்னு."

சட்டியில் சாந்து ஆடை கட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று ஜஸ்வாதிக்கு ஒன்று தோன்றியது. யோசிக்காமலே சொல்லிவிட்டான். "ஆம்பளை கை படக்கூடாது, ஆம்பளை கண்ணு படக்கூடாது. அவ்வளவுதானே? நீங்களே குத்துங்க, யூ. நான் வெளியில நிக்கிறேன்."

அகப்பை அவன் காலடியில் வந்து விழுந்தது.

"இது மையித்தைக் கழுவுற கை," என்றாள் ருபினா. "ஓட்டை போடுற கை இல்ல. எந்திரி, போ."

அவன் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னான். "சட்டத்துல அப்படி இல்லியே," என்றார் அவர். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "பொம்பளை குத்தக்கூடாதுன்னும் எழுதல." அலமாரியைத் திறந்து மரப்பிடி போட்ட ஒரு துளையூசியும் தகரப் பெட்டியும் எடுத்துக் கொடுத்தார். "வெச்சிருங்க. கேட்டா குடுங்க."

ருபினாவின் தங்கை கஸீயெம் கிடங்குச் சுவரை ஒட்டிய வரிசையில் குடியிருந்தாள். புருஷன் சர்காம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். இரண்டு பையன்கள், கடைசியாகக் கினா என்று ஒரு பெண் குழந்தை. புதன்கிழமை கஸீயெமுக்குக் குளிர் வந்தது. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. ருபினா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். அதே மாதிரிக் கட்டிகள்மேல் அவள் இந்த மாதம் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

"சளிக்காய்ச்சல்தானே, யூ?" என்றான் சர்காம்.

"ஆமா," என்றாள் ருபினா.

வியாழக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கஸீயெம் போய்விட்டாள்.

யாரும் வாய்விட்டு அழவில்லை. அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டால் ஆபீசுக்கும் கேட்கும். அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வாழைத் தோப்புக்குப் போனார்கள். பள்ளிவாசல் மோதினார் காசன் முக்மின் பின்வாசல் வழியாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். உள்ளே ருபினா வாழைத் தண்டுகளை வரிசையாகப் போட்டுத் தங்கையை அதன்மேல் கிடத்தினாள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். கூரைமேல் மழை கொட்டியது. சின்ன வயதில் தலை வார விடாமல் ஓடுகிறவள் கஸீயெம். இன்று சொன்னபடி கிடந்தாள்.

கபனின் கடைசி மடிப்பைப் போடும்போது வெளியே பெரிய பையனின் குரல் கேட்டது. "இங்க பாருடா, குடிச்ச மாதிரி ஆடுது!"

ருபினா தட்டியை விலக்கிப் பார்த்தாள். பட்டப்பகலில் ஒரு எலி சுவரோரமாகத் தள்ளாடி வந்து பிள்ளைகளின் பாய்மேல் ஏறி, சுருண்டு, கால்களை உதறிக்கொண்டு செத்தது. குழந்தை கினா அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே!"

அந்தக் கத்தலில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ருபினா குழந்தையை இழுத்துத் தள்ளிவிட்டு நின்றாள். எலி விழுந்த வீட்டில் அடுத்து மனுஷர் விழுவார்கள் என்று ஜஸ்வாதி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு அலைந்தது அவள் காதிலும் விழுந்ததுதான். அப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"சர்காம், பிள்ளைங்களைக் கூட்டிட்டு இந்த வீட்டை விட்டுக் கிளம்பு."

"பொணத்தை வெச்சிட்டு எங்க கிளம்பறது? யார் சேப்பாங்க எங்களை?"

யாரும் சேர்க்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரிந்ததுதான். ஆபீஸ் சொல்லாமல் கொட்டகையும் சேர்க்காது. கண்ணாடி சொல்லாமல் ஆபீஸும் சொல்லாது. அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காதில் ஏதோ சொல்லி மழையில் அனுப்பினாள்.

ஜஸ்வாதி வந்து சேர்ந்தபோது வாசலில் சர்காம் நின்றிருந்தான். கையில் தேங்காய் வெட்டுகிற அரிவாள். பின்னால் கிடங்கு வரிசை ஆண்கள் அத்தனை பேரும்.

"ஒரு அடி வெச்சே, உன் வயித்துல ஓட்டை போட்டுக் கண்ணாடியில தடவிக் காட்டுவேன்," என்றான் சர்காம்.

ஜஸ்வாதி குடையை மடக்கிக் கீழே வைத்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது. "நான் உள்ள வரல."

"பின்ன எதுக்குடா வந்தே?"

"நான் கூப்பிட்டேன்," என்று உள்ளிருந்து ருபினாவின் குரல் வந்தது. "சர்காம், வெட்டணும்னா என்னை வெட்டு. ஊசியை வாங்கி உள்ள குடு."

"யூ! உன் கூடப்பிறந்தவ!"

"கூடப்பிறந்தவதான். அதனாலதான் நான் செய்யறேன். உள்ள நானும் அவளும் மட்டும்தான். வேற யார் கண்ணும் படாது."

மோதினார் எழுந்து தட்டிக்கு அருகில் போனார். "ருபினா, மையித்துக்கும் வலிக்கும்னு சொல்லியிருக்கு."

"உசுரோட இருக்கிறதுக்கு வலிக்காதுன்னு சொல்லியிருக்கா, பாக் மோதினார்? அந்தப் பொட்டைப்புள்ள எலியை எடுக்கப் போச்சு."

கிழவர் மெல்ல வாசலுக்கு வந்தார். ஜஸ்வாதியின் கையிலிருந்து தகரப் பெட்டியைத் தானே வாங்கினார். சர்காமின் அரிவாள் ஓங்கியபடியே இருந்தது. கிழவர் அதன் கீழே குனிந்து போய்ப் பெட்டியைத் தட்டிக்குள் தள்ளினார்.

உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

"மாஸ் மந்திரி," என்றாள் ருபினா. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நின்ன இடத்துல நின்னு சொல்லுங்க."

மழைச் சத்தத்துக்கு மேலே ஜஸ்வாதி குரலை உயர்த்த வேண்டியிருந்தது. தெருவே கேட்டது. "கபனை முழுசா பிரிக்க வேணாம், யூ. இடது பக்கம் ஒரு மடிப்பு விலகினா போதும். கடைசி விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது."

"அதுக்குக் கீழ விரலை வெச்சுக்குங்க. ஊசியைச் சாய்ச்சு, மேல் பாத்து..."

"நிறுத்துடா!" என்று சர்காம் அலறினான். அரிவாள் நுனி ஜஸ்வாதியின் நெஞ்சைத் தொட்டது. ஈரச் சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றிப் பரவியது. "என் பொண்டாட்டி உடம்பைத் தெருவுல நின்னு பேசறியா?"

ஜஸ்வாதி பேச்சை நிறுத்தினான். அரிவாளைப் பிடித்த கையை மட்டும் பார்த்தான்.

"சொல்லுங்க, மாஸ்," என்றது உள்ளிருந்து குரல். "ஊசி கையில இருக்கு. நிறுத்தாதீங்க."

"மேல் பாத்து... மெதுவா. ஒரு தடுப்பு மாதிரி இருக்கும். அதைத் தாண்டணும்."

"தாண்டல."

"இன்னும் கொஞ்சம்."

"கஸீ, பொறுத்துக்கடி," என்று உள்ளே அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "இன்னும் கொஞ்சம்தான். பொறுத்துக்க."

சர்காம் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அரிவாள் பக்கத்தில் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

முதல் தடவை ஊசியில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. ருபினா துளையைக் கற்பூரப் பஞ்சால் அடைத்து, கபனை முன்பிருந்த மாதிரியே மடித்து முடிந்தாள். கண்ணாடித் துண்டை வாழை இலையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் வழி விட்டார்கள்.

அன்று கஸீயெமை வாழைத் தோப்புக்குக் கொண்டுபோகவில்லை. மோதினார் முன்னால் நடக்க, தெரு வழியாகவே, கபர்ஸ்தானுக்குத் தூக்கிப்போனார்கள்.

சாயங்காலம் டாக்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிளேக்தான். இருட்டுவதற்குள் மாட்டு வண்டி வந்து சர்காமையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டது. வண்டி கிளம்பும்போது சர்காம் ருபினாவின் காலடியில் காறித் துப்பினான். கினா, "பெரியம்மா வரலியா?" என்று கேட்டுக்கொண்டே போனது.

ஆனால் ஒரு சாவைக் காட்டிப் பட்டாளத்தை நிறுத்த முடியாது என்று டாக்டர் ஜஸ்வாதியிடம் சொன்னார். "ஒரு வீடுன்னா, மத்தது எங்கன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்றது?"

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஜஸ்வாதி அதைக் கிணற்றடியில் போய்ச் சொன்னான். ருபினா அன்று கடை போடவில்லை. கிணற்றுக் கட்டையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் குடத்தை இறக்கினார்கள்.

"யார் யாரைக் குளிப்பாட்டினேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ருபினா. "நான் சொல்ல மாட்டேன். சொன்னா காட்டிக்குடுத்தவ ஆயிடுவேன். நீங்களே போய்ச் சொல்லுங்க. இன்னைக்கு மத்தியானம் பட்டாளம் வருது."

"சொன்னா எங்க கூரையையும் பிரிப்பானே," என்றாள் ஒருத்தி.

"பிரிப்பான். சொல்லலேன்னா எல்லார் கூரையையும் பிரிப்பான். உன் பிள்ளையும் அவ பிள்ளையும் ஒண்ணா மழையில கிடக்கும்."

"உனக்கென்ன, தனிக்கட்டை!"

அந்தச் சொல் ருபினாவை அடித்தது. குடங்கள் நிறைந்தன, ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். அவளும் ஜஸ்வாதியும் மட்டும் மிஞ்சினார்கள்.

"போச்சு," என்றான் ஜஸ்வாதி.

அப்போது சந்துமுனையில் சாதிர் வந்தார். மருமகளைப் பறிகொடுத்த அந்தக் கிழவர்தான். கூடவே அவர் மனைவி, கையில் குடம் இல்லாமல். "எங்க வீட்டுல இன்னொண்ணும் போச்சு, மாஸ்," என்றார் அவர். "போன வாரம், என் தம்பி. தோப்புல இருக்கான். எந்த மரத்தடின்னு காட்டறேன். எழுதிக்கிறீங்களா?"

அவருக்குப் பின்னால், குடத்தை வீட்டில் வைத்துவிட்டு, திட்டிவிட்டுப் போனவளும் வந்தாள்.

மத்தியானத்துக்குள் டாக்டரின் மேசை முன்னால் சுமுரான்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு, எழுந்துபோய்க் குண்டூசி குத்திவிட்டு வந்தார். வெளுப்பாக இருந்த இடம் கறுத்தது. கறுத்ததெல்லாம் ஒரே கோடாகக் கிடங்குச் சுவரை ஒட்டி நின்றது. பட்டாள அதிகாரியைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி டாக்டர் வெகுநேரம் பேசினார். கடைசியில் அந்த ஒரு வரிசையை மட்டும் காலி செய்தார்கள். கூரையைப் பிரித்தபோது மூங்கில் குழாய்களுக்குள் எலிக்கூடுகள் பொலபொலவென்று கொட்டின. கிடங்கையும் பூட்டினார்கள். மற்ற தெருக்களில் அன்று இரவு அடுப்பு எரிந்தது.

கொட்டகையிலிருந்து ஆள் வந்தது சில நாட்கள் கழித்து. ருபினா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தைக்குக் கிளம்பும்போதே நோய் உடம்பில் இறங்கியிருந்ததாம். கினா போய்விட்டது. பையன்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

"சர்காம் உங்களைத்தான் வரச் சொன்னான்," என்றான் வந்தவன். "அங்கயும் ஒரு மந்திரி இருக்கார். கிட்ட விடமாட்டேங்கிறான். யூ வந்து செய்யட்டும்னு ஒரே பிடிவாதம்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு, தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கொட்டகையில் சர்காம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்து எழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை. குழந்தையை நீட்டினான்.

"வலிக்காம பண்ணு, யூ."

"சரி," என்றாள் ருபினா.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் தனியாக இருந்த நேரம் முழுவதும் அவன் பையன்கள் இரண்டு பேரையும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் கையே இடத்தைக் கண்டுபிடித்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முடித்த பிறகு குழந்தையின் ஈரத் தலையை வெகுநேரம் வாரிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து சுமுரானுக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. அவள் கடைப் பலகைமேல் கிடங்குக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தியின் கண் வீங்கியிருந்தது.

"எங்க அம்மா, யூ," என்றாள் அவள். "காலையில போனாங்க. கட்டி ஒண்ணும் இல்ல, மூச்சிரைப்புதான். இருந்தாலும்... மந்திரிகிட்டச் சொல்லியாச்சு. நீங்க வந்துதான் பண்ணணும்."

ருபினாவுக்குக் கால் கடுத்தது. ஒரு கணம் பலகையில் உட்கார்ந்தாள்.

"போய்த் தண்ணி காயவை," என்றாள். "வாழைத் தண்டு நல்லதா நாலு வெட்டி வை. வர்றேன்."